மந்திர பஞ்சமமும் பதினொன்றரை அடி அறையும்

நவம்பர் 19

சித்தப்பாவின் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். டிசம்பர் 12. சித்தி காலண்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அதற்குள் அவர் பாட்டைப் பதிவு செய்ய அறை தயாராகிவிட வேண்டும்.

நவம்பர் 20

வெற்று அறையில் கைதட்டினேன். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே கிர்ரென்று ஓடி அடங்கியது. அது கீச்சென்ற மேல் சத்தம், கனமான ஜமுக்காளம் தொங்கவிட்டாலே பாதி போய்விடும். என் கவலையெல்லாம் கீழ் ஸ்வரங்கள். சித்தப்பாவுக்கு ஒரு கட்டை சுருதி. ஆதார சட்ஜம், அதாவது அவருடைய அடிப்படை 'ஸ', 131 ஹெர்ட்ஸ்; அதற்குக் கீழே இறங்கும் 'ப', மந்திர பஞ்சமம், 98. அறை நீளம் பதினொன்றரை அடி, அதாவது 3.5 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். வகுத்துப் பார்த்தால் அதே 98, அந்த ஸ்வரத்தின் ஓர் அலை அறை நீளத்துக்குள் சரியாக அடங்கிவிடும்! எத்தனையோ நீளம் இருக்க, தாத்தா இந்த நீளத்தில்தான் கட்டியிருக்கிறார். நடு அறையில் உட்கார்ந்து பாடினால் அந்தப் பஞ்சமம் வீங்கும். சுவரிலிருந்து மூன்றடியில் மைக் வைத்தால் அதே பஞ்சமம் காணாமல் போகும். அந்த ஸ்வரத்தில் அவர் நிற்கும் அழகுக்காகத்தானே இவ்வளவும்.

நவம்பர் 22

கும்பகோணம் போனேன். கடையில் எடுத்துப் போட்டதெல்லாம் ஒரு அங்குல ஃபோம், அலை அலையாக வெட்டியது. "ஸ்டுடியோன்னா எல்லாரும் இதைத்தாங்க வாங்குறாங்க." வாங்கவில்லை. அது சகர, ஷகரக் கூர்மையை மட்டும் தின்றுவிட்டுக் கீழ் இரைச்சலை அப்படியே விட்டுவிடும். குரல் மழுங்கியும் இருக்கும், குமுறவும் செய்யும். தீப்பிடித்தால் விஷப்புகை வேறு. சித்தப்பா விளக்கேற்றாமல் பதிகம் தொடங்க மாட்டார்.

முட்டைத் தட்டு ஒட்டச் சொல்லி மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். மெல்லிய அட்டை எதை உறிஞ்சும்?

நவம்பர் 23

மழை. சித்தப்பா இன்று பேசவில்லை.

நவம்பர் 25

தூக்கம் இல்லை, எழுதியாவது தீர்க்கிறேன். நார்ப் பொருளுக்குள் காற்று முன்னும் பின்னும் அசையும்போது உராய்ந்து சூடாகிறது, ஒலி அங்கேதான் சாகிறது. சுவரை ஒட்டிக் காற்று அசைவதே இல்லை. அலை நீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் அசைவு அதிகம். 98 ஹெர்ட்ஸுக்கு அது கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர். அவ்வளவு கனத்துக்கு யார் பஞ்சு வைப்பது? அதனால் மூலை. இரண்டு சுவர் சேருமிடத்தில் நார் நிரப்பிய பலகையைக் குறுக்காக நிறுத்தினால் பின்னால் ஓர் அடிக்கு மேல் இடைவெளி தானாகக் கிடைக்கிறது. கீழ் ஸ்வரங்கள் குவிவதும் மூலையில்தான்.

எதை நிரப்புவது? வைக்கோல் உறிஞ்சும், ஆனால் எலி வரும், நெருப்புப் பயம். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை நார்ப் பாய் கிடைக்கும், கனமாக அடுக்கினால் நல்லதுதான், இந்த ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்குமே என்று யோசனை. பரணில் கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளை மைக்குக்கு எதிரே, அவர் முதுகுக்குப் பின்னால் நிறுத்தலாம். மூலைகளுக்கு ராக்வூல், பாறையை உருக்கி இழைத்த பஞ்சு. எரியாது, செல்லும் அரிக்காது.

நவம்பர் 28

திருச்சி. பாய்லருக்கு லைனிங் விற்கும் கடையில் கிடைத்தது. கன மீட்டருக்கு 48 கிலோ, இரண்டு அங்குலப் பலகை. இரண்டிரண்டாகச் சேர்த்து நாலு அங்குலம். ஆசாரி ரீப்பர் சட்டம் அடிக்கிறார். மேலே போர்த்தக் காடாத் துணி, வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும், அதுதான் கணக்கு. ரெக்சின் போர்த்தினால் மேல் சத்தம் அத்தனையும் திரும்பி வந்துவிடும். கையுறை போட்டும் முழங்கை அரிக்கிறது.

டிசம்பர் 1

சித்தி கேட்டாள்: "அப்புறம் குரல் இப்படியே இருக்குமாப்பா?" ஆசாரிக்கு டீ வாங்கப் போய்விட்டேன்.

டிசம்பர் 2

தவளை! சம்பா வயல் முழுக்கத் தண்ணீர், ராத்திரியெல்லாம் கச்சேரி. ராக்வூல் உள்ளே திரும்பும் ஒலியைத்தான் தின்னும், வெளிச் சத்தத்தை நிறுத்தாது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். சுவர் இருக்கிறது. கதவின் கீழே விரல் நுழைகிறது.

டிசம்பர் 5

நான்கு மூலையும் முடிந்தது. சுவரோரப் பலகைகளை நாலு அங்குலம் தள்ளி நிறுத்தினேன், ஈரச்சுவருக்கும் காற்று வேண்டும். சித்தப்பாவை நாலடியில் உட்கார வைத்தேன், வீக்கத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில். மெதுவாக ஒரு வரி இழுத்தார். மந்திரத்துக்கு இறங்கினார். பஞ்சமம் எழுந்தது, நின்றது, அவர் விட்டபோது விட்டது!

அவர் முகம் வாடிவிட்டது. "என் குரல் எனக்கே கேக்கலையேடா."

பாடுகிறவருக்குக் கொஞ்சமாவது திரும்பி வர வேண்டும். ஒரு மெத்தையை எடுத்துவிட்டேன். தரையில் பாய் விரிக்கவில்லை, சிமெண்டே இருக்கட்டும். மறுபடி இழுத்தார். தலையை ஆட்டினார். இரண்டாவது வரியில் இருமல்.

டிசம்பர் 7

வெந்நீர், மிளகு, மௌனம். யாரும் அவரைப் பேச வைக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்புகிறேன்.

டிசம்பர் 8

ஆஸ்பத்திரியிலிருந்து போன். 12 இல்லையாம், 10. நாளையே கிளம்பிப் போய்ச் சேர வேண்டும். சித்தி பை அடுக்குகிறாள். இன்றே பாடிவிடுகிறேன் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். ராத்திரி வேண்டாம், தவளை. விடிகாலை நாலரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன், சரி என்றார். கதவிடுக்குக்கு ரப்பர் பட்டை இன்னும் வாங்கவில்லை, கடை எட்டு மணிக்கு மூடுவான், போய் வருகிறேன்