எஃப்டிஏ சான்றிதழ் எங்கே?

நாங்கள் திருப்பூரில் பனியன் தைக்கிறவர்கள். 2024-இல் ஒரு அமெரிக்க பையர், சிறுநீர்க் கசிவு உள்ளவர்கள் போட்டுக்கொள்ளும் உள்ளாடை கேட்டார். உள்ளே உறிஞ்சும் துணி அடுக்கு வைத்துத் தைக்க வேண்டும், துவைத்துத் துவைத்து உடுத்தலாம். சாம்பிள் ஒரே வாரத்தில் ஓகே ஆகிவிட்டது. அப்புறம்தான் மெயில் வந்தது, எஃப்டிஏ, அதாவது அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதன் சான்றிதழ் எங்கே என்று.

ஜட்டிக்கு எஃப்டிஏவா என்று சிரித்தோம். ஆனால் அவர்கள் சட்டத்தில் அது மருத்துவக் கருவிதான். அமெரிக்க மத்திய அரசு விதித்தொகுப்பில் 21 சிஎஃப்ஆர் 876.5920 என்ற விதி, ஆபத்து மிகக் குறைந்த முதல் வகுப்பு. 510(கே) என்கிற முன் அனுமதி வேண்டாம், தரமுறை விதிகளிலும் அன்றைக்குப் பெரும்பகுதி விலக்கு, ஆவணங்களையும் புகார்ப் பதிவேட்டையும் ஒழுங்காக வைத்திருந்தால் போதும். கட்டணம் கட்டி, தொழிற்சாலையைப் பதிந்து, பொருளைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

இது தெரியாமல் ஒரு ஆலோசகரைப் பிடித்தோம். ஆகஸ்ட் மாதம் 7,653 டாலர் கட்டவைத்தார், நம் காசுக்கு ஆறு லட்சத்துக்கு மேல். எஃப்டிஏவின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது, டிசம்பர் 31-க்குள் எல்லோரும் புதுப்பித்தாக வேண்டும் என்பதை அவர் சொல்லவே இல்லை. இரண்டே மாதத்தில் அடுத்த ஆண்டுக்கென்று இன்னொரு 9,280 டாலர் போயிற்று. ஷிப்மென்ட் எப்படியும் நவம்பரில்தான், ஆறு வாரம் பொறுத்திருந்தால் முதல் தொகை மிஞ்சியிருக்கும். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எஃப்டிஏ தொடர்புகொள்ள அமெரிக்காவில் ஒரு ஏஜென்ட் காட்ட வேண்டும், அங்கேயே இருப்பவராக, ஃபோன் எடுப்பவராக. பையர் மாட்டேன் என்றார். நியூஜெர்சியில் இருக்கும் அத்தை பையனைக் கேட்டோம், சரி என்றான். சம்மதம் கேட்டு எஃப்டிஏ அனுப்பும் மெயிலுக்கு 10 வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும், அது அவன் ஸ்பேமில் கிடந்தது. எட்டாம் நாள் நடுராத்திரியில் அவனை ஃபோனிலேயே பிடித்துவைத்துத் தேடவைத்தேன்.

ஆலோசகர் தங்க முத்திரையோடு ஒரு சான்றிதழ் அனுப்பினார், அதற்குத் தனிக் காசு. எஃப்டிஏ பதிவுக்குச் சான்றிதழே தருவதில்லை, அது அவரே அச்சடித்தது! பதிவு என்பது ஒப்புதலும் அல்ல. பதிந்திருக்கிறோம் என்பதை வைத்து ‘எஃப்டிஏ அப்ரூவ்டு’ என்று லேபிளில் போட்டால் அது தவறான லேபிள் என்று சட்டமே சொல்கிறது. எங்கள் மெர்ச்சண்டைசர் அப்படித்தான் லேபிளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார், நல்லவேளை அச்சுக்குப் போகுமுன் பார்த்துவிட்டோம்.

கடைசியில் பையரிடம் எஃப்டிஏ தளத்தில் எங்கள் பெயரைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார், ஆர்டரை உறுதி செய்தார். அந்தத் தங்க முத்திரைக் காகிதம் மட்டும் இன்னும் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. கழற்ற அப்பா விடவில்லை, ஃபிரேமுக்குக் கொடுத்த காசு வீணாம்.