முதலில் தொட்டியைப் பாருங்கள்

நடுராத்திரி கரண்ட் வந்தது. கட்டடத்தில் மாடிக்கு மாடி மோட்டார் ஓட, மேலே புதிதாகக் குடிவந்த தம்பி மட்டும் நல்ல தூக்கம்.

காலையில் வாளியோடு வந்து நிற்கிறார். "அக்கா, குழாயில காத்துதான் வருது."

மியான்மரின் யாங்கோனில் வீடு பார்க்க வருகிறவர்கள் சுவர் பெயிண்டைப் பார்க்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியையும் மோட்டாரையும் பாருங்கப்பா! ஆறு மாதம், ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கேட்கிற ஊர் இது, கொடுத்த பிறகு யாரிடம் போய் முறையிடுவது?

படுக்கும்போது ஒரு லைட் சுவிட்சைப் போட்டே வையுங்கள், கரண்ட் வந்தால் அதுவே எழுப்பிவிடும். மோட்டார் சுவிட்சை மட்டும் அப்படி வைக்காதீர்கள், தண்ணீர் இல்லாமல் ஓடினால் சூடேறிக் கெட்டுவிடும்.

அப்புறம் கயிறு. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் பால்கனியிலிருந்து தெரு வரை தொங்கவிட வேண்டும், நுனியில் கிளிப், மேலே ஒரு மணி. கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும், பேப்பரோ பில்லோ கிளிப்பில் மாட்டினால் தூக்கிக்கொள்ளலாம், பை கட்டினால் கீரைகூட ஏறும். மே முதல் அக்டோபர் வரை மழை, அதனால் கயிறு நைலானாக இருக்கட்டும், இரும்புக் கிளிப் துருப்பிடித்துப் பேப்பரெல்லாம் கறையாக்கும்.

மணி சின்னதாகப் போதும். கோவில் மணி சைஸில் வாங்கிவிடாதீர்கள், நாங்களும் இதே கட்டடத்தில்தான் இருக்கிறோம்.