அஞ்சு நாள் இறுக்கம், ரெண்டு நாள் தாராளம்

எடை குறைக்கும் ஆப்கள் எல்லாம் ஒரு விஷயத்தில் ஒரே ஜாதி. வயது, உயரம், எடை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரு நாளைக்கு இத்தனை கலோரிதான் என்று ஓர் எண்ணைக் கையில் கொடுக்கும். திங்களுக்கும் அதே எண், ஞாயிறுக்கும் அதே எண். பசி அப்படியா வருகிறது? வேலை நாட்களில் எனக்குத் தலைக்கு மேல் வேலை இருப்பதால் சாப்பாட்டு நினைப்பே மதியம்தான் வரும். சனி ஞாயிறு வீட்டில் இருந்தால் சமையலறைப் பக்கம் போகாமல் இருக்க முடியாது. என் பிழைப்பே கணக்கு எழுதுவது. ஒரு மாதச் செலவை முப்பதால் வகுத்து, தினம் இவ்வளவுதான் என்று யாரும் செலவு செய்வதில்லை. சாப்பாட்டில் மட்டும் ஏன்? அதனால் தினக் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு வந்துவிட்டேன்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு அந்தரத்தில் நிற்கும். ஓய்வில் உடம்பு எவ்வளவு கலோரி செலவழிக்கும் என்று கணக்கிட, 1990-இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம்தான் இன்று பலரும் பயன்படுத்துவது. எடையை (கிலோ) 10-ஆல் பெருக்கி, உயரத்தை (செ.மீ.) 6.25-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, பெண்ணாக இருந்தால் இன்னும் 161 கழிக்க வேண்டும். ஆணாக இருந்தால் 5 கூட்ட வேண்டும். எனக்கு 44 வயது, 158 செ.மீ., 72 கிலோ. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு 1,326 கலோரி செலவழிக்கும் என்று வருகிறது. உட்கார்ந்த வேலை, கூடவே வாரத்தில் சில நாள் நடை என்பதால் அதை 1.375-ஆல் பெருக்கினால் சுமார் 1,820. எடை ஏறாமல் இறங்காமல் இருக்க ஒரு நாளைக்கு இவ்வளவு.

தினம் 350 குறைக்கலாம் என்று முடிவு செய்தேன். அப்படியானால் 1,470. வாரத்துக்கு 10,290. இந்த வாரத் தொகைதான் எனக்கு முக்கியம். திங்கள் முதல் வெள்ளி வரை 1,300 என்று வைத்தால் 6,500 ஆகிறது. மிச்சம் 3,790. சனிக்கு 1,895, ஞாயிறுக்கு 1,895. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: தாராளமான நாள் என்று நான் சொல்வது, எடை நிலையாக இருக்கத் தேவையான அளவைவிட வெறும் 75 கலோரிதான் கூடுதல். விருந்து இல்லை, சாதாரணமாகச் சாப்பிடும் நாள். ஐந்து நாள் இறுக்கத்துக்குப் பிறகு அதுவே விருந்தாகத் தெரிகிறது என்பது வேறு விஷயம்.

இந்த முறைக்கு ஜிக்-ஜாக் டயட், கலோரி சைக்கிளிங் என்றெல்லாம் பெயர் வைத்து, 'மெட்டபாலிசத்தை (வளர்சிதை மாற்றத்தை) ஏமாற்றலாம்' என்று வீடியோ போடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாம் குறைத்துச் சாப்பிடும்போது லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசி கூடுகிறது, உடம்பு கொஞ்சம் சிக்கனமாகிறது, எல்லாம் உண்மை. நிறையச் சாப்பிட்ட ஓரிரு நாளில் லெப்டின் ஏறினாலும், மறுபடி குறைத்ததும் இறங்கிவிடும். உடம்பு சிக்கனமாவதும் இரண்டு மூன்று நாளில் நடக்கிற காரியம் அல்ல. 1944–45-இல் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்களை வைத்து நடத்திய பட்டினி ஆய்வில் அவர்களுக்குத் தினம் ஏறக்குறைய 1,570 கலோரிதான். 24 வாரம் அப்படி ஓடியது. உடல் எடையில் கால்வாசி போனது, வளர்சிதை மாற்றமும் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் எடை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை கம்மியாகச் சாப்பிட்டதற்காகப் புதன்கிழமை உடம்பு கடையைச் சாத்திவிடாது.

இந்த முறைக்கு ஆதரவாக எல்லோரும் காட்டுவது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்த மேட்டடார் என்ற ஆய்வு. 2017-இல் வெளியானது. உடல் பருமன் உள்ள 51 ஆண்கள். ஒரு குழு 16 வாரம் விடாமல் குறைத்துச் சாப்பிட்டது. இன்னொரு குழு இரண்டு வாரம் குறைப்பு, இரண்டு வாரம் சமநிலை (எடை ஏறாமல் இறங்காமல் இருக்கும் அளவு சாப்பாடு) என்று மாற்றி மாற்றிச் செய்தது. குறைத்த வாரங்களை மட்டும் கூட்டினால் அதே 16. விட்டு விட்டுச் செய்தவர்களுக்கு ஏறக்குறைய 14 கிலோ, விடாமல் செய்தவர்களுக்கு 9 கிலோ. பெரிய வித்தியாசம்தான். ஆனால் அங்கே இடைவேளை முழுதாக இரண்டு வாரம், மொத்தம் 30 வாரம் ஆனது. சனி ஞாயிறு தாராளத்தோடு இதை முடிச்சுப் போட முடியாது.

என் மனசுக்கு நெருக்கமான ஆய்வு வேறு. அதே 2017-இல் சிகாகோவில் 100 பேரை வைத்து ஓராண்டு நடந்தது. ஒரு குழுவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தேவையில் 25 சதவீதமும் மறுநாள் 125 சதவீதமும். இன்னொரு குழுவுக்குத் தினம் 75 சதவீதம். ஆண்டு முடிவில் முதல் குழு 6 சதவீத எடை குறைந்திருந்தது, இரண்டாவது 5.3. கிட்டத்தட்ட சமம். ஆனால் பாதியில் விட்டுப் போனவர்கள் முதல் குழுவில் 38 சதவீதம், இரண்டாவதில் 29. அதோடு, ஒருநாள் விட்டு ஒருநாள் குழுவினர் பட்டினி நாளில் சொன்னதைவிடக் கூடுதலாகவும், விருந்து நாளில் சொன்னதைவிடக் குறைவாகவும் சாப்பிட்டிருக்கிறார்கள். மனுஷன் தானாகவே நடுவுக்கு வந்துவிடுகிறான்! ஏற்ற இறக்கம் இருக்கட்டும், ஆனால் பள்ளம் ரொம்ப ஆழமாக வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். 500-ம் 2,500-மாகக் குதிப்பவர்களைப் பார்த்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது.

சரி, எடை மெஷின் விஷயத்துக்கு வருவோம். திங்கள் காலையில் ஏறி நின்றால் வெள்ளிக்கிழமையைவிட ஒரு கிலோ கூடக் காட்டும். முதல் தடவை பார்க்கிற யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்க வேண்டும். நானோ இரண்டு நாளும் சேர்த்தே 3,790-தான் சாப்பிட்டிருக்கிறேன். ஏறினது தண்ணீர். மாவுச்சத்து உடம்பில் கிளைக்கோஜனாகத் தங்கும்போது ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே உப்பு, வயிற்றில் இருக்கும் சாப்பாட்டின் எடை. புதன், வியாழனுக்குள் இறங்கிவிடும். அதனால் நான் ஏழு நாள் சராசரியை மட்டும்தான் பார்க்கிறேன். என் கணக்குப்படி வாரம் 2,450 கலோரி பற்றாக்குறை, அதாவது 300 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு கிலோ ஆட்டத்துக்கு நடுவே 300 கிராமைத் தினம் தேடினால் பைத்தியம்தான் பிடிக்கும்.

இந்த முறை கவிழ்வது எங்கே என்றால், எழுதாமல் விடுகிற தாராள நாளில். இரண்டு நாளும் 600, 600 கூடுதலாகப் போனால் ஐந்து நாள் இறுக்கிப் பிடித்ததில் கிட்டத்தட்ட பாதி காலி. 1992-இல் வந்த ஒரு பிரபல ஆய்வில், 'என்ன செய்தாலும் எடை குறையவில்லை' என்றவர்கள் தாங்கள் சாப்பிட்டதில் 47 சதவீதத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கண்ணளவு அப்படித்தான். முக்கியமாக எண்ணெய். நான் எண்ணெய் பாட்டிலையே சமையலறைத் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கிவிட்டு, எடுத்து ஊற்றி, திரும்ப வைப்பேன். மைனஸ் 14 என்று காட்டினால் 14 கிராம் வாணலிக்குப் போயிருக்கிறது. கிராமுக்கு 9 கலோரி, ஆக 126. கரண்டியைக் கழுவும் வேலையும் மிச்சம். அதே 'ஒரு சுற்று' சில நாள் மைனஸ் 31 காட்டும்.

அக்காவிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். “நீ போடுற கணக்கைப் பார்த்தாலே எனக்குப் பசிக்குதுடி” என்றாள். அவளுக்குத் தினமும் ஒரே அளவு, ஒரே நேரம்தான் ஒத்துவருகிறது. நாளைக்குக் கூடுதலாகச் சாப்பிடலாம் என்று தெரிந்தால் இன்றைக்கே ஆரம்பித்துவிடுவாளாம். நியாயம்தான், அப்படிப்பட்டவர்களுக்கு இது வேண்டாம். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறுக்க நாள் வைக்கக் கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சாப்பாட்டோடு முன்பு மல்லுக்கட்டி மீண்டவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

அப்புறம், எடை குறையக் குறையக் கணக்கை மறுபடி போட வேண்டும். நான் 68 கிலோவுக்கு வந்தால் அந்த 1,820 சுமார் 1,770 ஆகிவிடும். வாரத்துக்கு 350-க்கு மேல் குறைக்க வேண்டிவரும். சனி ஞாயிறைத் தொடாமல் ஐந்து நாளில் பகிர்ந்தால் 1,300 என்பது 1,220, 1,230 பக்கம் வந்து நிற்கும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1,200-க்குக் கீழேயும் ஆண்கள் 1,500-க்குக் கீழேயும் போக வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அதற்குக் கீழே இறுக்க எனக்கும் விருப்பமில்லை. அந்தக் கட்டம் வந்தால் தட்டில் கை வைக்காமல் சாயங்கால நடையை இன்னும் அரை மணி நேரம் நீட்டுவதாகத் திட்டம்.