வெள்ளை டைலும் இன்டர்லாக் துணியும்

2024 ஜூலை 8, திங்கள்

காலையில் பாஸ் ஆன நேவி ப்ளூ மதியம் ஃபெயில். அதே லேப் டிப் (லேபில் சின்னதாகச் சாயமேற்றிப் பார்த்த மாதிரித் துணி), நிறம் அளக்கிற அதே ஸ்பெக்ட்ரோ கருவி. டையிங் மாஸ்டர் படியேறி வந்து, "ஏனுங் மேடம், காலையில ஒண்ணு சொல்றீங்க, மத்தியானம் ஒண்ணு சொல்றீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். கருவிக்கு வெள்ளை எது என்று காட்டிச் சரிசெய்கிற கேலிப்ரேஷன் டைலைச் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் கட்டைவிரல் ரேகை, சுற்றிலும் மெல்லிய பஞ்சு. டைல் மங்கியிருந்தாலும் கருவிக்கு அதுதான் வெள்ளை. அப்புறம் வைக்கிற துணியெல்லாம் உள்ளதைவிட வெளிறித்தான் தெரியும்.

மதியம் கேலிப்ரேஷனுக்கு முன் டைலைத் துடைத்தது நான்தான், பனியன் கட்டிங் வேஸ்டால். திருப்பூரில் துடைக்கிற துணியைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்ன?

ஜூலை 9, செவ்வாய்

சும்மா ஒரு சந்தேகம். பல விளக்குகளில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற லைட் பாக்ஸில் மற்ற விளக்குகளை அணைத்து யுவி (புற ஊதா) மட்டும் போட்டேன். வெள்ளை பனியன் துண்டு நீலமாக எரிந்தது. வெள்ளையைப் பளிச்சென்று காட்ட அதில் ஏற்றியிருக்கிற ஆப்டிகல் பிரைட்னர் வேலை. அதே துண்டால் துடைத்த டைலில் நீலப் பொட்டுகள், சிறு சிறு இழைகள். சாதாரண வெளிச்சத்தில் இதில் பாதிகூடக் கண்ணில் படவில்லை. மேசையில் கிடந்த டிஷ்யூ பேப்பரும் மினுங்கியது.

ஹெல்பர் பையன் குனிந்து பார்த்து, "நம்மூரு பஞ்சு எங்க போனாலும் காட்டிக் குடுத்துருதுங்க்கா" என்றான்.

இனி எந்தத் துணி வந்தாலும் முதலில் இந்த விளக்குக்கு அடியில்தான். பிரைட்னர் ஏற்றாத இழை இதில் மாட்டாது. அதற்குக் கறுப்புக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

துடைக்கிற துணி மென்மையாக இருந்தால் போதும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நூல் வேலை தெரிந்த எனக்கே இது உறைக்கவில்லை. பருத்தி நூல் என்பது ஏறக்குறைய 3 செ.மீ. நீளமுள்ள இழைகளை முறுக்கிச் சேர்த்தது. தேய்க்கிற ஒவ்வொரு முறையும் முறுக்கிலிருந்து நாலு இழை நழுவும். எவ்வளவு மிருதுவான துணியானாலும் அதன் குணம் அதுதான்.

மைக்ரோஃபைபர் வேறு சாதி. பாலியஸ்டரும் நைலானும் பெரும்பாலும் 80-க்கு 20 என்ற அளவில் சேர்ந்து, பிளந்து நிற்கிற நுண்ணிழை. ரேகை, எண்ணெய்ப் பிசுக்கை வழித்தெடுக்கும். கஷ்டம் என்னவென்றால், எடுத்த தூசியையும் விடாது. அடுத்த முறை அதையே லென்ஸில் தேய்க்கும். அடிக்கடி அலச வேண்டும், சாஃப்ட்னர் போடாமல். பனியனுக்கு வழவழப்பு ஏற்ற நாங்கள் போடுகிற அதே சமாச்சாரம் கண்ணாடியில் படலமாகப் படிந்துவிடும்.

ஜூலை 17, புதன். ஆடி 1

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம் பக்கத்துச் செம்மண்ணையெல்லாம் ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து கொட்டுகிறது. மைக்ராஸ்கோப்புக்கு உறை போடச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

இதே மாதிரி ஓர் ஆடியில்தான் என் கேமராவின் 50 எம்எம் லென்ஸைத் துப்பட்டா முனையால் துடைத்தேன். துப்பட்டா மேல் தப்பில்லை. தூசியில் குவார்ட்ஸ் இருக்கும். மோஸ் அளவில் அதன் கடினம் 7. லென்ஸ் கண்ணாடி பெரும்பாலும் 6-ஐ ஒட்டித்தான். எந்தத் துணியால் தேய்த்தாலும் நடுவில் மணல் இருந்தால் கோடு விழும். வெயிலுக்கு எதிரே படம் எடுத்தால் அந்தக் கீறல் இன்றைக்கும் பல்லிளிக்கும்.

அதனால் முதலில் ரப்பர் பல்பால் காற்றடிக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு லென்ஸ் பேப்பர், துளி திரவம் பேப்பரில். லென்ஸில் ஊற்றக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பு, அந்தப் பேப்பர் குப்பைக்கு.

ஜூலை 22, திங்கள்

தூசி புகாத அறைகளில் துடைக்கப் பயன்படுத்துகிற கிளீன்ரூம் வைப்ஸ் சாம்பிள் வந்தது, 9 அங்குலச் சதுரம். விலையைக் கேட்ட பையன், "இதுக்கு ஒரு பனியனே வாங்கிப் போடலாமுங்க்கா" என்றான். நூல் எண்ணுகிற பூதக்கண்ணாடியான பிக் கிளாஸை வைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இன்டர்லாக்! நம் மெஷின்கள் ராப்பகலாக ஓட்டுகிற, இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற அதே பின்னல்.

ஆனால் நூல் பாலியஸ்டர் ஃபிலமென்ட், அறுபடாத ஒரே இழை. உதிர நுனி கிடையாது. வெட்டிய ஓரம்தான் பஞ்சு கொட்டும் இடம். அதை உருக்கி அடைத்திருக்கிறார்கள். யுவியில் டைல் சுத்தமாக நின்றது, கறுப்புக் கண்ணாடியிலும் ஒன்றுமில்லை. ஒரு குறை: ஈரம் குடிப்பதில் சோம்பேறி. சிந்திய கெமிக்கலை ஒற்ற கிம்வைப்ஸ் போன்ற மரக்கூழ்த் தாள்தான் சரி. அதுவும் குறைவாக உதிரும், அவ்வளவே. உதிரவே உதிராத ஒன்றை நான் பார்க்கவில்லை.

டைலுக்கு மட்டும் இந்தத் துணி என்று முடிவு செய்தேன். ஸ்பெக்ட்ரோவுக்குள் ஒளியைப் பரப்புகிற கோளத்தின் உள் வெள்ளைப் பூச்சை எந்தத் துணியாலும் தொடக்கூடாது என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். அக்ரிலிக் மூடிகளுக்கு ஆல்கஹால் வேண்டாம், நாளடைவில் மயிரிழையாக வெடிக்கும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

விஷயம் கேள்விப்பட்ட நிட்டிங் மாஸ்டர், "அட, ஃபிலமென்ட் நூலப் போட்டா நாமளே ஓட்டிக்கலாமுங்க அம்மிணி" என்று ஒரு கிலோ ஓட்டிக் கொடுத்தார். துணி அருமை. கத்திரியில் வெட்டிய ஓரம் பிரிந்தது. சால்டரிங் கம்பியால் ஓரத்தைச் சுட்டேன். உருகி முள்ளுமுள்ளாகக் கெட்டித்துவிட்டது, விரலில் குத்துகிறது. துவைத்த பிறகும் நிட்டிங் ஆயில் போகவில்லை. டைலின் ஓரத்தில் வைத்துப் பார்த்ததில் படலம் விழுந்தது.

அந்த ஒரு கிலோ இப்போது லைட் பாக்ஸின் வெளிப்புறம் துடைக்கப் போகிறது. மாஸ்டர் ஓரத்தை மடித்துத் தைத்துப் பார்க்கலாம் என்கிறார், பருத்தித் தையல் நூலால்.