உதட்டோரம் ஒரு சருகு

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலை அருகே சுண்டல் வாங்கினேன். முதல் வாய்க்கே கண்ணில் நீர்.

சுண்டலில் காரமே இல்லை. எரிந்தது என் உதடு.

3 மாதமாக இதே கதைதான். உதட்டோரத்தில் வெங்காயச் சருகு போல மெல்லியதாய் ஒரு தோல் எழும்பி நிற்கும். பிய்த்தால் ரத்தம். நாக்கால் தடவினால் அரை நிமிடம் இதம். எச்சில் உலரும்போது உள்ளே இருக்கும் ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. சோற்றைச் செரிக்கத் தொடங்குகிற அதே எச்சில், உதட்டுத் தோலை மட்டும் விட்டுவைக்குமா?

"உடம்புச் சூடுடா, வெண்ணெய் தடவு" என்றார் அம்மா. அலுவலகத்திலோ, "தண்ணீரே குடிப்பதில்லையா?" எக்ஸிமா என்கிற தோல் அழற்சி உதட்டிலும் வரும் என்றால் யாரும் நம்புவதில்லை.

தோல் மருத்துவர் உதட்டைப் பார்த்ததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். என்ன பற்பசை? என்ன லிப் பாம்? மாம்பழத்தைத் தோலோடு கடிக்கும் பழக்கம் உண்டா?

உண்டு. பிறந்ததிலிருந்து உண்டு.

மாங்காய்ப் பால் சிலருக்கு ஒவ்வாதாம். பற்பசையின் புதினா, இலவங்கப்பட்டை வாசனைகூடக் காரணமாக இருக்கலாம். உறுதிசெய்ய பேட்ச் டெஸ்ட், அதாவது சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை: ஒட்டியதை 48 மணி நேரம் நனைக்கக் கூடாது. புதுச்சேரிப் புழுக்கத்தில்! மார்கழிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

அதுவரை வாசனையில்லாத பற்பசை, வெறும் வாசலின், சில நாட்களுக்கு மட்டும் அவர் எழுதித் தந்த களிம்பு.

நாக்கை அடக்குவதுதான் பெரும்பாடு. இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை தடவிவிட்டேன்.