அரிப்பு முந்தியா, நாற்றம் முந்தியா

தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் நிலைகொண்டுவிட்ட நாள்களில், நாயைக் கொண்டுவருபவர் படியேறும் முன்பே அதற்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது எனக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். புளித்த மாவும் நாட்பட்ட எண்ணெயும் கலந்தது போன்ற ஒரு வாடை முதலில் உள்ளே வரும். பின்னால் நாய் வரும். அதற்கும் பின்னால், எத்தனையோ கைவைத்தியங்களைச் செய்து பார்த்துச் சலித்துப்போன ஒரு மனிதர் வருவார். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு சிறு நகரில் நான் மிருக வைத்தியராகப் பணியாற்றத் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் நாய்களில், விசர்நோய்த் தடுப்பூசிக்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்ப்பது தோல் நோய்களைத்தான். அவற்றிலும், மருந்து கொடுத்தால் ஆறி, நிறுத்தியதும் திரும்பி வந்துவிடும் நோய்களே என்னை அதிகம் சிந்திக்க வைத்தன.

அந்த வாடைக்குக் காரணம் பெரும்பாலும் மலசீசியா என்னும் மதுவம், அதாவது ஈஸ்ட் வகைப் பங்கசு. நாய்களில் காணப்படும் இனத்துக்குப் பக்கிடெர்மாட்டிஸ் என்று பெயர், தடித்த தோலுக்குரியது என்பது அதன் பொருள். 1925இல் தோல் உரிந்து கிடந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்திலிருந்து அதை முதலில் பிரித்தெடுத்து விவரித்தபடியால் அந்தப் பெயர் வந்தது. ஆயினும் பல மாதங்கள் கவனிப்பாரின்றி விடப்பட்ட நாயின் வயிற்றையும் அக்குளையும் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் வேறு விதமாகவும் பொருந்தித் தெரியும். மயிர் உதிர்ந்து, கறுத்து, மடிப்பு மடிப்பாகத் தடித்து, யானைத் தோலைப் போலவே அது ஆகிவிடுகிறது. இந்த மதுவம் வெளியிலிருந்து வந்து தாக்கும் எதிரியன்று. நோயற்ற நாயின் காதிலும், விரலிடுக்கிலும், உதட்டோரத்திலும் சிறு எண்ணிக்கையில் அது எப்போதும் குடியிருக்கிறது. தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு வாழும் அது, தோலின் காப்பு குலையும்போதும் ஈரம் தேங்கும்போதும்தான் பெருகுகிறது. அதைக் கொல்லுவதற்கு மருந்து உண்டு. ஆனால் தோல் ஏன் அதற்கு இடம் கொடுத்தது என்ற கேள்வி அந்த மருந்தால் தீர்வதில்லை.

பேராதனையில் படித்த காலத்தில் இதை எனக்குக் கற்பித்திருந்தார்கள். இருந்தும் தொழிலின் முதற்சில ஆண்டுகளில் நான் அதை மறந்தே நடந்துகொண்டேன். நெடுந்தூரம் பஸ்ஸில் வந்தவர்கள் அன்றைக்கே ஆறுதலைக் காண விரும்பினார்கள். அரிப்பை அடக்கும் ஸ்டீரொயிட் ஊசி ஒன்று போட்டால் மறுநாளே நாய் சொறிவதை நிறுத்திவிடும், என் பெயரும் நன்றாக விளங்கும். ஒரு பெண் நாய்க்கு ஒரே ஆண்டில் ஐந்து முறை அந்த ஊசியைப் போட்டேன். ஆறாவது முறை அது வந்தபோது வயிறு பானையாகத் தொங்கியது, தோல் கடதாசியாக மெலிந்திருந்தது, இரவெல்லாம் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழித்தபடி இருப்பதாகச் சொன்னார்கள். தோலில் மதுவமும் பற்றீரியாவும் முன்னைவிட அதிகமாக இருந்தன. அந்தப் புதிய நோயை அதற்குக் கொடுத்தவன் நானே. அதன் உரிமையாளரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை என்பது என் மனத்தை இலேசாக்கவும் இல்லை.

டைகர் வந்தது அதற்குப் பிறகு, 2019 ஜூன் மாதத்தில். ஜேர்மன் ஷெப்பர்ட் கலப்பு, மூன்று வயது. கொழுந்து எடுக்கும் ஓர் அம்மாவும், உயர்தரம் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகளும் அதைக் கூட்டிவந்தார்கள். காதுகள் சிவந்து மெழுகு வழிந்தது. கால் விரலிடுக்குகளை ஓயாமல் நக்கியதால் வெள்ளை மயிர் துருப்பிடித்த நிறமாகியிருந்தது.

“ஐயா, ஒடம்பெல்லாம் நாறுதுங்க. பக்கத்துக் காம்பிராக்காரவங்க வெரட்டி விடச் சொல்றாங்க. ஊசி ஒண்ணு போட்டு விட்டீங்கன்னா போதும்,” என்றார் அந்த அம்மா.

என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று கேட்டேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருந்தார்கள், அதில் பெரிய தீங்கில்லை. லொறிக்காரர் ஒருவர் கொடுத்த கழிவு எஞ்சின் எண்ணெயையும் பூசியிருந்தார்கள். மலையகத்தில் இது பரவலான வழக்கம். நாய் தன் உடலை நக்கும்போது அந்த எண்ணெய் குடலுக்குள் போகிறது, தோலையும் அது சுடுகிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. மருந்துக் கடையில் பங்கசுக்கு என்று கேட்டு கிரிசியோபல்வின் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அது படர்தாமரையை உண்டாக்கும் பங்கசுக்குத்தான் வேலை செய்யும், மதுவத்தை ஒன்றும் செய்யாது. அமொக்சிசிலின் மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். நாயின் தோலில் புண் உண்டாக்கும் ஸ்டபிலோகொக்கஸ் பற்றீரியா பெரும்பாலும் அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கிறது. ஆகவே பணம் போனது, பற்றீரியாவுக்கு மருந்தோடு பழக்கம் ஏற்பட்டது, நாய்க்குப் பயன் ஒன்றும் இல்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவர் தன்னால் இயன்றதையெல்லாம் செய்திருந்தார்.

தோலைச் சுரண்டிச் சொறிப்பூச்சி இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பின், வயிற்றின் மடிப்பில் செலோடேப் துண்டொன்றை அழுத்தி எடுத்து, சாயமேற்றி, ஆயிரம் மடங்கு பெருக்கும் வில்லையின் கீழ் வைத்தேன். மகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். “கச்சான் மாதிரி இருக்குங்க சேர்,” என்றாள். சரியாகச் சொன்னாள். நடுவில் இடுங்கிய, ஒரு முனையில் மொட்டுவிடும் அந்தக் கலங்கள் ஒரு மில்லிமீற்றரில் இருநூறு முந்நூறு வரிசையாக அடங்கும் அளவு சிறியவை. இடையிடையே கொத்துக்கொத்தாகப் பற்றீரியாவும் கிடந்தது. உரிமையாளருக்கு நுணுக்குக்காட்டியைக் காட்டுவது நேரத்தை எடுக்கும் காரியந்தான். ஆனால் தன் கண்ணால் கண்டவர்கள் சிகிச்சையைப் பாதியில் விடுவது குறைவு என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பிறகு, இப்போது ஒவ்வொருவரிடமும் நான் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: முதலில் வந்தது அரிப்பா, நாற்றமா? நல்ல தோலோடு இருக்கும்போதே நாய் சொறியத் தொடங்கி, நாற்றமும் புண்ணும் பின்னர் வந்திருந்தால், அடியில் ஒவ்வாமையோ பூச்சியோ இருக்கக்கூடும். ஆறேழு வயதுவரை ஒரு குறையும் இல்லாதிருந்த நாய்க்கு அரிப்பே இல்லாமல் முதன்முதலாகத் தோல் கெட்டால், தைரொயிட் போன்ற சுரப்பிகளின் பக்கம் தேட வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ரெண்டு வயசுலயே காலை நக்கிக்கிட்டுத்தான் கெடக்கும். அப்போ நாத்தமே இல்லைங்க,” என்றார் தாய்.

சிகிச்சை என்று எழுதிக் கொடுப்பது எளிது. இரண்டு சதவீதக் குளோர்ஹெக்சிடினும் இரண்டு சதவீத மைக்கொனசோலும் சேர்ந்த ஷம்பூவால் வாரம் இரு முறை குளிப்பாட்டி, நுரையைப் பத்து நிமிடம் தோலில் ஊற விட்டுக் கழுவ வேண்டும். நல்ல சான்றுள்ள முறை அது. அந்த ஷம்பூ போத்தல் ஒன்று அந்த அம்மாவின் இரண்டு மூன்று நாள் சம்பளம், ஏனெனில் அப்போது தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. குளிப்பாட்டும் இடமோ, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் தண்ணீர்ப் பீலிக்கரை. ஜூலை மாதத்தில் அந்தத் தண்ணீரில் மனிதர் கை வைக்கவே நடுங்குவார்கள். குளித்த நாய் படுத்துறங்குவது வாசலில் கிடக்கும் பழைய படங்குச் சாக்கில், அது பருவமழை முடியும்வரை காய்வதே இல்லை. ஈரத்தில் பெருகும் ஓர் உயிரை அழிக்க நாயை நனைத்து, பின் ஈரத்திலேயே படுக்க விட்டால் என்ன பயன்? ஆகவே அன்று மருந்தைப் பற்றிப் பேசியதைவிட உலர்த்துவதைப் பற்றியே அதிக நேரம் பேசினோம். முழு உடலுக்கும் ஷம்பூ வேண்டாம், வயிறு, அக்குள், கழுத்தடி, நான்கு கால்கள் போதும். தண்ணீரை அடுப்பில் வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். துடைத்தபின் விறகடுப்புக்கு நாலடி தள்ளி நாயைக் கட்டிவைத்து விரலிடுக்கு உலரும்வரை பார்க்க வேண்டும். சாக்குக்குப் பதில் பலகையும், மாற்றி மாற்றிக் காயப்போட இரண்டு பழைய துணிகளும் வேண்டும். பத்து நிமிடத்தை மகள் கைபேசியில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

புறப்படும் நேரத்தில்தான் அந்த அம்மா தன் உண்மையான பயத்தைச் சொன்னார். அவருடைய மூத்த மகள் பிரசவத்துக்கு வரவிருந்தாள். “பச்சப் புள்ளைக்கு ஒட்டிக்குமா ஐயா?” நாயை விரட்டுவதா வைத்திருப்பதா என்பது என் பதிலைப் பொறுத்து நின்றது. சொறிப்பூச்சியும் படர்தாமரையும் மனிதருக்கு எளிதில் தொற்றும், இந்த மதுவம் சாதாரணமாகத் தொற்றி நோயாவதில்லை. என்றாலும் முற்றாக இல்லை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அமெரிக்காவில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில், எடை குறைந்து பிறந்த குழந்தைகளிடம் இதே மதுவம் காணப்பட்டதையும், வீட்டில் நாய் வளர்த்த பணியாளரின் கைவழியாக அது வந்திருக்கலாம் என்பதையும் 1998இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே நாயைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம், நாயைத் தொட்டில் பக்கம் விட வேண்டாம், விரட்டவும் வேண்டாம் என்று சொன்னேன்.

மகள் ஒரு கொப்பியில் தினமும் அரிப்புக்குப் பூச்சியத்திலிருந்து பத்துவரை புள்ளியிட்டு வந்தாள். முதல் நாள் ஒன்பது. குளிப்புடன், மதுவத்துக்கு மூன்று வாரம் உணவோடு இற்றாகொனசோலும், பற்றீரியாவுக்குச் செபலெக்சினும் கொடுத்தோம். நான்காம் வாரம் நாற்றம் அறவே இல்லை. செலோடேப்பில் ஒரு மதுவமும் தெரியவில்லை. ஆனால் கொப்பியில் ஐந்து என்று இருந்தது. என் முன்னாலேயே டைகர் கால் விரலை மென்றுகொண்டிருந்தது. தொற்று முழுதாக விலகிய தோலில் எஞ்சி நிற்கும் அந்த ஐந்துதான் நான் தேடியது. முன்பாக இருந்திருந்தால் நாற்றம் போனதே வெற்றி என்று அனுப்பி வைத்திருப்பேன்.

உணவு ஒவ்வாமையா என்று பார்க்க, இதுவரை தின்றிராத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். நாய்களில் அதிகம் சொல்லப்படுபவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. டைகருக்கு லயத்தில் கிடைத்ததோ கோதுமை மா ரொட்டி, கோழித் தலை, கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோறு. அந்தக் குடும்பத்தில் யாரும் பன்றி இறைச்சி தொடுவதில்லை என்பதால் அதுவே தகுந்த உணவாயிற்று. மகள் அதை வெளியே தனிச் சட்டியில் உருளைக்கிழங்குடன் அவித்தாள். முதல் முறை பதினோராம் நாள் பக்கத்துக் காம்பிராச் சிறுவன் ரொட்டி போட்டுவிட்டான். இரண்டாம் முறை ஒரு சாமத்திய வீட்டு எச்சில் இலை. லயத்து நாய் ஒரு வீட்டாருக்கு மட்டும் உரியதன்று, பன்னிரண்டு காம்பிராவும் அதற்கு உணவிடும். மூன்றாம் முறை தொடங்கும் முன் அந்த அம்மா, வேலைக்குப் போகுமுன் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் நின்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாராம். எட்டு வாரமும் ஒழுங்காக முடிந்தது. கொப்பியில் புள்ளி நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலேயே நின்றது. உணவு காரணமில்லை. அத்தனை உழைப்புக்குப் பின் இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருந்தது, ஆனால் அவர்கள் அதை வீண் என்று எண்ணவில்லை. இனிமேல் பழைய சாப்பாட்டையே கொடுக்கலாந்தானே என்று மகிழ்ந்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சோற்றையும் மாவையும் நிறுத்தினால் மதுவம் பட்டினியால் செத்துவிடும் என்று இப்போது பலர் நம்புகிறார்கள். தோலில் வாழும் இந்த மதுவம் மாச்சத்தை நம்பி இருப்பதில்லை. தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாத உயிர் அது, தோலின் கொழுப்பையே நாடுகிறது. சோறு குறைத்து நாயை மெலியவைத்தவர்கள் பலரைச் சந்தித்திருக்கிறேன்.

டைகருக்கு இருந்தது சூழல் ஒவ்வாமை. தூசிச் சிற்றுண்ணி போன்றவற்றுக்கு எதிராக உடலே கிளர்ந்தெழும் அந்த நிலை முழுதாகக் குணமாவதில்லை. அத்தகைய நாய்களில் சில மதுவத்துக்கே ஒவ்வாமை கொண்டுவிடுவதால், சிறு எண்ணிக்கை கூடப் பெரும் அரிப்பை உண்டாக்கும். அதனால் வாழ்நாள் முழுதும் வாரம் ஒரு குளிப்பு, காது சுத்தம், மழை மாதங்களில் மட்டும் மிகக் குறைந்த அளவில் பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீரொயிட் மாத்திரை என்று முடிவு செய்தோம். ஸ்டீரொயிட்டை நான் இன்றும் பயன்படுத்துகிறேன், ஊசியாக அல்ல, எண்ணிக் கொடுத்து எண்ணிக் குறைக்கும் மாத்திரையாக. 2022இல் இறக்குமதி மருந்துகள் கிடைக்காமற்போனபோது ஷம்பூவும் இல்லாமற்போயிற்று. குளோர்ஹெக்சிடின் கரைசலைத் தேடிப் பிடித்து, நீர் சேர்த்து, துணியில் நனைத்துத் துடைக்கச் சொல்லி ஒருவாறு சமாளித்தோம்.

மகள் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். கொப்பியைத் தாய் தொடர்ந்து வைத்திருக்கிறார். எண்ணுக்குப் பதில் கோடு போடுகிறார். கடந்த ஆகஸ்டில் அதை என் மேசையில் விரித்தார். டைகர் முகவாய் நரைத்து, நாற்றமின்றி, அவர் காலடியில் படுத்திருந்தது. பக்கம் முழுதும் இரண்டு கோடு, மூன்று கோடு என்றே போயிருக்க, ஜூலையின் நடுவே ஒரு கிழமை மட்டும் ஏழேழு கோடுகள் இருந்தன. என்ன நடந்தது என்று கேட்டேன்.

“அந்தக் கெழமை அடமழைங்க ஐயா. வெறகெல்லாம் நனைஞ்சு போச்சு, தண்ணி சுட வைக்க முடியல.”