சுடுநீர்க் குழாயை மறந்துவிட்டோம்: பிளேனோ நாட்குறிப்பு

பிப்ரவரி 14, 2021, ஞாயிறு

டெக்சாஸில் டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பிளேனோவில் காலையிலிருந்து பனி. தோட்டத்து ஹோஸைக் கழற்றிவிட்டு, வெளிக்குழாயைப் பழைய துண்டால் சுற்றிக் கட்டினோம். சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, பைப்பில் தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்க எல்லாக் குழாய்களையும் சொட்டவிட்டிருக்கிறோம். மதுரையில் கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நாளில் அம்மா செய்வதைப்போல அண்டா, குக்கர், வாளி என்று ஒன்று விடாமல் நிரப்பினேன். குளியல் தொட்டியும் நிறைந்துவிட்டது.

பிப்ரவரி 15, திங்கள்

நள்ளிரவுக்குப் பின் மின்சாரம் போனது. டெக்சாஸின் பெரும்பகுதியில் இதே கதிதானாம். நால்வரும் ஒரே அறையில் படுத்திருக்கிறோம்.

பிப்ரவரி 16, செவ்வாய்

டாலஸில் இன்று அதிகாலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். சுடுநீர்ப் பக்கம் திருப்பினால் எந்தக் குழாயிலும் ஒரு சொட்டு இல்லை. குளிர்நீர்ப் பக்கம் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் உறைத்தது: கைப்பிடிகளையெல்லாம் குளிர்ப் பக்கமாகவே திருப்பி வைத்திருந்தோம். சுடுநீர் பைப்பில் இரண்டு நாளாகத் தண்ணீர் அசையவே இல்லை.

இங்கே பல வீடுகளைப்போல எங்கள் வாட்டர் ஹீட்டரும் கூரைக்கடியில் பரணில்தான் இருக்கிறது. “வீட்டுக்குள் இருக்கிற தண்ணீர் எப்படியம்மா உறையும்?” என்று தொலைபேசியில் அம்மா கேட்டாள். வீட்டின் வெப்பக்காப்பு பரணின் தரையோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே ஏறக்குறைய வெளிக்குளிர்தான். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, அதில்தான் பெரும்பாலும் பைப் வெடிக்கிறது. உடனே எல்லாச் சுடுநீர்க் குழாய்களையும் திறந்துவிட்டோம்.

மெயின் வால்வு நடைபாதை ஓரத்து மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. ஏழு ஆண்டுகளாக இந்த வீட்டில் இருக்கிறோம், ஒருமுறைகூட அதைத் திறந்து பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் நீளமான இரும்புச் சாவியோடு வந்து, பனியைத் தோண்டி, தானே மூடிக் கொடுத்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. அந்த உதவியை மறக்கவே மாட்டேன். ஹீட்டரின் கேஸையும் அணைத்தோம்.

பிப்ரவரி 17, புதன்

மின்சாரம் ஒரு மணி நேரம் வருகிறது, போய்விடுகிறது. கரி அடுப்பைப் பரணுக்குக் கொண்டுபோகலாமா என்று என் கணவர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும்; ஹூஸ்டனில் அந்த வாயுவால் உயிர்கள் போயிருக்கின்றன. பைப் தானாகவே உருகட்டும். குழந்தைகளுக்கு அண்டாத் தண்ணீரில் கஞ்சி.

பிப்ரவரி 20, சனி

வெயில்! பைப் உறைந்தபோது விழுந்த விரிசல், உருகிய பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் டார்ச்சோடு பரணில் நின்றார். நான் மெயின் வால்வைக் கால் திருப்புத் திருப்பினேன். “மூடு, மூடு!” என்று கத்தினார். செப்பு பைப் வளையும் இடத்தில் விரலகலத்துக்கு விரிசல். மூடி வைத்திருந்ததால் கூரைப் பலகையில் ஒரு தட்டளவு ஈரத்தோடு போயிற்று. அடுத்த தெருவில் ஒரு வீட்டின் கூடத்துக் கூரை அப்படியே இடிந்து விழுந்திருக்கிறது.

ஹீட்டருக்குப் போகும் வால்வை மட்டும் மூடிவிட்டு, குளிர்நீரைத் திறந்துகொண்டோம். கடைகளில் இணைப்புத் துண்டுகள் தீர்ந்துவிட்டன. பிளம்பருக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 27, சனி

பிளம்பர் வந்தார். விரிந்த பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் துண்டைப் பற்றவைக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பரணில் ஓடும் பைப் முழுவதற்கும் நுரை உறை போடச் சொல்லிவிட்டோம். இரும்புச் சாவி ஒன்றும் வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டியாயிற்று. சுடுநீர் வந்ததும் சின்னவள்தான் முதலில் குளிக்க ஓடினாள்.